நாலடி மண் கேட்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம். மந்தைவெளியில், எண்பதுகளில் கட்டின பழைய கட்டடம். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. சென்னையில் இந்த வயதுக் கட்டடங்களுக்கெல்லாம் இப்போது என்ன நடக்கிறதோ அதுதான் இதற்கும் நடக்கப் போகிறது. இடித்துவிட்டு ஐந்து மாடியாகக் கட்டப் போகிறார்கள். கீழே முழுக்க கார் பார்க்கிங்.

கேரம் போர்டு மேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். கேள்விகள் பறந்தன. எனக்கு எத்தனை கார்? லிஃப்டில் எத்தனை பேர் போகலாம்? பூஜை அறை எந்தத் திசை? எல்லாம் முடிந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன். "பின்னாடி இருக்கற முருங்கை, கறிவேப்பிலை மரமெல்லாம் என்ன ஆகும் அங்கிள்?"

இரண்டு விநாடி அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு. "கறிவேப்பிலைதானே தம்பி? அஞ்சு ரூபா குடுத்தா கை நிறைய தரான். இப்போல்லாம் போன்ல அமுக்கினா பத்து நிமிஷத்துல வாசலுக்கே வந்துடுது."

இன்னொருவர் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார். "நீங்க வாடகைக்குத்தானே இருக்கீங்க? உங்க ஓனரை விட்டுப் பேசச் சொல்லுங்க."

கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அந்த நேரத்தில் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எப்போதுமே பதில்கள் படியேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். ஒரு வாரம் யோசித்ததில் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய தோட்டம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். காம்பவுண்டு சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஏழெட்டு அடி அகலச் சந்து, அவ்வளவுதான். அதில் ஒரு முருங்கை. ஒரு பெரிய கறிவேப்பிலை, அதைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பின குட்டிகள் ஏழெட்டு. துவைக்கிற கல்லின் தண்ணீர் போய் விழும் இடத்தில் வாழை. சுவரில் பிரண்டை. யாரும் திட்டம் போட்டு வைத்ததல்ல. முருங்கை, முதல் மாடி மாமி அவர் ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து நட்ட போத்து. வாழை, முன்பிருந்த வாட்ச்மேன் அண்ணன் வைத்தது. கறிவேப்பிலையை எந்தப் பறவை விதைத்ததோ தெரியாது.

இந்தச் சந்துதான் பன்னிரண்டு அடுப்புக்கும் தாளிதம் கொடுக்கிறது. கீரை உருவினால் நாலு வீட்டில் அடை வாசனை வரும். காய் பறிக்கிற அன்று வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று பங்கு. பிரண்டைத் துவையல் அரைக்கிற வீட்டிலிருந்து கிண்ணம் போகும். திரும்பி வரும்போது காலியாக வராது. என் பாட்டி இன்றைக்கும், "ராத்திரியில பறிக்காதடா, மரம் தூங்கும்" என்பாள். "இலையை உருவாதே, இணுக்கோட ஒடி" என்பாள். முதலாவது நம்பிக்கை. இரண்டாவது தோட்டக்கலை. இணுக்கோடு ஒடித்தால் அந்த இடத்தில் இரண்டு கிளை கிளம்பும், மரம் உயராமல் அடர்த்தியாகும். பாட்டி எந்தப் புத்தகத்தையும் படித்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது கொஞ்சம் பழைய கதை. மந்தைவெளி, மயிலாப்பூரின் மாங்கொல்லை, மாம்பலத்தின் லேக் வியூ ரோடு. பெயர்களைப் பாருங்கள். மந்தை மேய்ந்த வெளி, மாமரம் நின்ற கொல்லை, ஏரியைப் பார்த்த சாலை. நாம் பட்டுப்புடவை வாங்கப் போகும் தி.நகரே ஏரிதான். 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். சைதாப்பேட்டையில் 1868ல் ஒரு விவசாயப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. அது 1906ல் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சைதாப்பேட்டையில் ஏர் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள் என்று இன்று அண்ணா சாலை சிக்னலில் நின்றுகொண்டு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்!

பழைய மயிலாப்பூர் வீடுகளுக்குப் பின்னால் கிணற்றடி இருந்தது. குளித்த தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர் எல்லாம் ஒரு வாய்க்கால் வழியாக வாழைக்கும் சேம்புக்கும் போகும். இன்றைக்கு இதையே கழிவுநீர் மறுசுழற்சி என்று பெயர் வைத்து கருத்தரங்கு நடத்துகிறோம். அன்றைக்கு அதற்குப் பெயரே கிடையாது. அடுக்குமாடி வந்தபோது கிணற்றடி போனது. ஆனாலும் எண்பதுகளில் கட்டினவர்கள் பின்னால் ஒரு சந்து மண்ணையாவது விட்டுவைத்தார்கள். இப்போது கட்டுகிறவர்கள் அதையும் சிமெண்ட் கல் பதித்து மூடுகிறார்கள். என் கவலை இந்தக் கடைசிச் சந்தைப் பற்றியது.

"அதுக்கென்ன, மொட்டை மாடியில தொட்டி வச்சுக்கலாமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நானும் வைத்துப் பார்த்தவன்தான்.

தமிழக அரசு 2013-14ல் சென்னைக்கும் கோவைக்கும் மாடித் தோட்டத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பை, தென்னைநார்க் கழிவு, விதை, உரம் எல்லாம் சேர்த்து மானிய விலையில் ஒரு தொகுப்பு. நல்ல திட்டம். இந்த ஊரில் பலபேர் முதன்முதலாக மண்ணில் கை வைத்ததே அதனால்தான். எனக்கு ஆசை வந்தது சில வருடம் கழித்து, ஒரு விதைக் கடை வழியாக. பாக்கெட் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து காலிஃபிளவர், பீன்ஸ், கேரட் என்று வாங்கிவந்தேன். மார்ச் மாதம் விதைத்தேன். (சிரிக்காதீர்கள்.) ஏப்ரலில் பீன்ஸ் கருகியது. காலிஃபிளவர் இலையாக வளர்ந்து இலையாகவே செத்துப் போனது. கேரட் என் சுண்டுவிரல் அளவுக்கு வந்தது. அந்தக் கேரட்டைப் பாட்டி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னடா, மூக்குத்தி திருகாணியா?" என்றாள்.

தப்பு செடியுடையது இல்லை. சென்னையில் ஜனவரி மாத ராத்திரியில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மே மாதம் வெயில் 40ஐத் தாண்டும். மொட்டை மாடித் தளம் அதற்கு மேல் கொதிக்கும். மழையோ அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும். இந்த ஊரில் ஊட்டிக் காயை வளர்ப்பேன் என்று அடம் பிடித்தது என் தப்பு.

ஆனால் இந்தத் தப்பைச் செய்த முதல் ஆள் நான் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அதே சைதாப்பேட்டையில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். அரிசியோ காயோ விளைவிக்க அல்ல. கொச்சினீல் என்ற சிவப்புச் சாயப் பூச்சி வாழ்வது சப்பாத்திக்கள்ளியில். அந்தச் சாய வியாபாரம் அப்போது மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைக்கக் கம்பெனிக்கு ஆசை. கள்ளி நன்றாக வளர்ந்தது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ தரம் குறைந்த வகை. வியாபாரம் தேறவில்லை. சப்பாத்திக்கள்ளி மட்டும் தென்னாட்டில் களையாகப் பரவியதுதான் மிச்சம். ஊரைக் கேட்காமல் செடியைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

காலிஃபிளவர் தோல்விக்குப் பிறகு கடைக்குப் போவதை விட்டுவிட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். அங்கேதான் விதைக் கடை இருந்தது!

முளை விட்ட மஞ்சள் கிழங்கு ஒன்றை வைகாசியில் அகலமான தொட்டியில் வைத்தேன். எட்டு, ஒன்பது மாதம் பொறுமை வேண்டும். பொங்கல் வரும்போது பானையில் கட்ட சொந்த மஞ்சள் கொத்து தயாராக இருந்தது. இஞ்சியும் அப்படித்தான், ஆனால் அதற்குப் பாதி நிழல் வேண்டும். இரண்டுக்குமே ஒரு எச்சரிக்கை: ஐப்பசி மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிட வேண்டும். கொத்தமல்லி விதையை அப்படியே போடக்கூடாது. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அழகாக வரும். சித்திரையில் போட்டால் வெயில் பட்டு நாலு இலையிலேயே பூத்துவிடும். புதினாவுக்கு விதையே வேண்டாம். கடைக்கட்டில் மீந்த தண்டைத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். காய்ந்த குண்டு மிளகாயை உடைத்து விதையைத் தூவினேன். மாடி வெயிலுக்கு அது அசரவே இல்லை. அசராதுதானே. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய், பெயர் சொல்வது போலவே, ராமநாதபுரத்து வெயிலைக் குடித்து வளர்ந்த வம்சம்.

கற்பூரவல்லி, தூதுவளை, மணத்தக்காளி, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி. இவற்றுக்கெல்லாம் உபசாரமே தேவையில்லை. கற்பூரவல்லிக் கிளையை ஒடித்துச் செருகினால் மூன்று வாரத்தில் பஜ்ஜி போடலாம்.

எல்லாம் வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏலக்காய் வராது. போடிநாயக்கனூரில் ஏலம் விடுகிறார்களே தவிர, விளைவது மேலே மலையில். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல், காட்டு நிழல், ஈரக் காற்று எல்லாம் அதற்கு வேண்டும். ஜாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பூக்கவே ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்றே தெரியாது. வாடகை வீட்டுக்கு ஒத்துவராது. மிளகு மட்டும் பாதி சாத்தியம். மிளகுக் கொடியில் மேலே ஏறுகிற தண்டு வேறு, காய்க்கிற பக்கக் கிளை வேறு. அந்தப் பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது ஏறாது. தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். கோழிக்கோட்டில் உள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்தப் புதர் மிளகை வீடுகளுக்குச் சிபாரிசு செய்கிறது. அடையாறில் நண்பன் வீட்டு மாமர நிழலில் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மிளகு ரசத்துக்குத் தேறும். ஆனால் அந்த ரசம் குடிக்கும் அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதைப் படித்துவிட்டு யாரும் என்னைச் சுதேசிப் பிரசாரகன் ஆக்கிவிட வேண்டாம். மிளகாய் நம் ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. நம் ஆட்கள் அதற்கு மிளகின் பெயரையே வைத்து, மிளகாய் என்று கூப்பிட்டு, வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எங்கே பிறந்தது என்பதல்ல கேள்வி. இந்த வெயிலோடும் இந்த மழையோடும் ஒத்துப்போகிறதா என்பதுதான். மனிதர்களுக்கும் இந்த ஊரில் அதே கேள்விதான் என்று நினைக்கிறேன்.

சரி, தொட்டியில் இவ்வளவு வருமென்றால் தரையில் மண் எதற்கு? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

தொட்டி தனியாளுடையது. நான் ஊருக்குப் போனால் என் புதினா காய்ந்துவிடும். தொட்டிக் கறிவேப்பிலை என் வீட்டுத் தாளிதத்துக்கே மூச்சு வாங்கும். மண்ணில் நிற்கிற மரம் பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, வேரில் குட்டியும் போடும். முருங்கை ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் அதற்குத் தண்ணீர்கூட யாரும் ஊற்ற வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, இந்த ஊர் முழுக்க குடத்தோடு லாரிக்கு நின்றதே, அப்போது என் மாடித் தொட்டிகள் பாதி செத்துப்போயின. பின்பக்க மரங்கள் சாகவில்லை. அரிசி களைந்த தண்ணீரை மட்டும் பாட்டி கறிவேப்பிலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அது போதுமாக இருந்தது.

அஞ்சு ரூபாய் வாதத்துக்கு வருகிறேன். கணக்கை நேர்மையாகவே போடுவோம். வீட்டுத் தோட்டத்தால் பணம் மிச்சமாகும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். என் முதல் வருடக் கொத்தமல்லிக்கு, பை, மண், உரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கடையில் ஒரு வருடத்துக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த அஞ்சு ரூபாய்க் கட்டோடு என்ன வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? பூச்சிமருந்து எச்சம் காரணமாக, இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய யூனியன் கூடுதல் சோதனைக்கு உரிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. அங்கே துறைமுகத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். இங்கே நாம் தண்ணீரில் ஒரு அலசு அலசி எண்ணெயில் போடுகிறோம். கறிவேப்பிலை நமக்குக் கொசுறு. காய்கறிக்காரம்மா பையில் இலவசமாகத் திணிக்கிற பொருள். இலவசமாக வந்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொசுறுக்கு உலகம் கொடுத்த அறிவியல் பெயரில் ஒரு மனிதர் இருக்கிறார். 1760களின் இறுதியில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்கேயே தாவரங்களைத் தேடி அலைந்த யோஹான் கேர்ஹார்ட் கோனிக். அவர் நினைவாகத்தான் கறிவேப்பிலைக்குக் 'கோனிகி' என்று பெயர். எங்கிருந்தோ வந்தவருக்கு இந்தச் செடி அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது. நமக்கு அஞ்சு ரூபாய்!

மற்ற ஆட்சேபங்களையும் ஒதுக்க முடியாது. எதிர்த்துப் பேசியவர்கள் ஒன்றும் வில்லன்கள் இல்லை.

"முருங்கையில கம்பளிப்பூச்சி வரும்." வரும். மழைக்காலத்தில் ஒருமுறை எங்கள் படிக்கட்டு முழுவதும் ஏறி, இரண்டாம் மாடிக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. அன்றைக்கு நானே அந்த மரத்தைத் திட்டினேன். "கிளை முறியும்." முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் முருங்கை இடுப்பளவில் ஒடிந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. இரண்டு மாதத்தில் அந்த அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்த்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வருடா வருடம் வெட்டிவிட வேண்டும். 'முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்' என்று பழமொழியே இருக்கிறது. (இரண்டாம் பாதியை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.) உயரம் பிடிக்காது என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை இருக்கிறது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்க ஆரம்பிக்கும், கை எட்டும் உயரத்திலேயே கவாத்து செய்து வைத்துக்கொள்ளலாம்.

"மாடி ஒழுகும், பாரம் தாங்காது." இதுவும் உண்மை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு அடி ஆழம் மண்ணைக் கொட்டி நனைத்தால் எடை அரை டன் வரும். அதனால்தான் சொல்கிறேன், பாரமான செடியை மாடியில் ஏற்றாதீர்கள். தரையில் இடம் கொடுங்கள். மாடியில் தென்னைநார்க் கழிவு கலந்த பைகள் போதும், அதுவும் தளத்தில் படாமல் ஸ்டாண்டு மேல்.

"கொசு வரும்." தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்கின நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தால் தீர்ந்தது. மண்ணில் நிற்கிற மரத்துக்கு அந்தத் தட்டே கிடையாது.

"பூங்காதான் இருக்கே" என்றும் ஒருவர் சொன்னார். இருக்கிறது. சந்தோஷம். லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. கதீட்ரல் சாலையில் 2010ல் செம்மொழிப் பூங்கா வந்தது. அதற்கு எதிரிலேயே 2024ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்தது. ஆனால் ரசம் கொதிக்கும்போது அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு பூங்காவுக்கு ஓடி நாலு இணுக்கு ஒடித்துவர முடியுமா? பூங்கா பார்க்கிற மரம். பின்பக்கத்து மரம் சாப்பிடுகிற மரம். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இப்போது என் கோரிக்கை. மகாபலியிடம் வாமனன் மூன்றடி மண் கேட்டான். கடைசியில் உலகத்தையே அளந்துவிட்டான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நாலுக்கு நாலு அடி. பதினாறு சதுர அடி. கேட்பது அவ்வளவே. புதிய வரைபடத்தில் ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 135 சதுர அடி. நான் கேட்பது ஒரே ஒரு காரின் இடத்தில் எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து! அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு செடிமுருங்கை, ஓரத்தில் பிரண்டை. மற்ற இடமெல்லாம் சிமெண்ட் கல் பதித்தாலும், மழை பெய்யும்போது தண்ணீர் உள்ளே இறங்க அந்த ஒரு வாய் திறந்திருக்கும். மழைநீர் சேகரிப்பை 2003ல் கட்டாயமாக்கிய ஊர் இது. தண்ணீர் இறங்க மண்ணையே விடாமல் குழாயை மட்டும் வைத்து என்ன பயன்?

கடைசியாக ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கட்டடத்தை இடிக்கும்போது நாங்கள் காலி செய்ய வேண்டும். புதிய வீட்டின் வாடகை எங்கள் கைக்கு எட்டாது. அதனால் அந்த நாலடி மண்ணில் என்ன வளர்ந்தாலும் ஒரு இணுக்குகூட எங்கள் வீட்டு ரசத்தில் விழப் போவதில்லை. "நீங்க வாடகைக்குத்தானே இருக்கீங்க" என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். பதினான்கு வருடமாக என் பாட்டி தண்ணீர் ஊற்றின மரத்தின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பத்திரத்தில் மரத்தின் பெயரும் இல்லை, பாட்டியின் பெயரும் இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். முருங்கை நட்ட முதல் மாடி மாமி பையனோடு வெளிநாடு போய்விட்டார். வாழை வைத்த வாட்ச்மேன் அண்ணன் இப்போது எங்கே இருக்கிறாரோ. நட்டவர்கள் யாரும் இங்கே இல்லை, சாப்பிட்டது நாங்கள். நாங்கள் வந்த முதல் வாரம், கதவைத் தட்டி, "புதுசா வந்திருக்கேளா? பின்னாடி கறிவேப்பிலை இருக்கு, கடையில வாங்காதீங்கோ" என்று சொன்னது அந்த மாமிதான். அந்த வீட்டில் எங்களோடு யாரோ பேசிய முதல் வார்த்தை அது. பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிற கறிவேப்பிலையால் எல்லாம் முடியும், ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணத்தை அதனால் கொடுக்க முடியாது. புதிய கட்டடத்தில் லிஃப்ட் இருக்கும், கேமரா இருக்கும், ஜிம் இருக்கும். புதிதாகக் குடிவருகிறவரிடம் முதல் வார்த்தை பேச ஏதாவது இருக்குமா?

அதற்காகத்தான் கேட்கிறேன். எனக்காக இல்லை.

ஓனருக்கு நேற்று போன் செய்து முழுக்கதையும் சொன்னேன். "நாலடிதானே, அடுத்த கூட்டத்துல சொல்லிப் பாக்கறேன்ப்பா" என்றார். சொல்வாரா தெரியாது. நான் இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். கறிவேப்பிலையின் குட்டிகளில் ஐந்தை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று பிழைத்துவிட்டது. ஒன்று எங்களோடு அடுத்த வாடகை வீட்டுக்கு வரும். ஒன்றைப் புதிய கட்டடத்துக்கென்று கீழ்வீட்டுத் தாத்தாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் சொந்தக்காரர், திரும்பி வரப் போகிறவர். "மண்ணு விட்டா வைக்கறேன், விடலேன்னா சண்டை போட்டு வைக்கறேன்" என்றார்.

பி.கு: மூன்றாவது கன்று யாருக்கும் இன்னும் தரவில்லை. மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் நாலடி மண் வைத்திருக்கிற புண்ணியவான் யாராவது இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம், கொசுறுதான் :-)